நாளுக்கு மூன்று விரற்கடை

சவரிமுத்துவின் வீடு தன் இடத்தைவிட்டு நான்கு விரற்கடை முன்னால் வந்து நிற்கிறது என்று தெரிந்த அன்று நாங்கள் யாரும் வீட்டைப் பார்க்கவில்லை, சவரிமுத்துவின் முகத்தைத்தான் பார்த்தோம். பொன்மாரி நகரின் கடைசித் தெருவில், கண்மாய்க்கு முதுகையும் தார்ச்சாலைக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒன்பது வீடுகளில் அவருடையது ஒன்பதாவது. எட்டாவது வீட்டு ராமுத்தாய்தான் முதலில் கண்டவள். பதினோரு வருடமாக, பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவளுடைய அடுப்படி சன்னலுக்கு நேராகத் தெரிந்தது சவரிமுத்து வீட்டுக் குளியலறையின் பாசி படிந்த சுவர் மட்டும்தான். பங்குனி மாதத்தில் ஒரு காலை அவள் தலை நிமிர்ந்தபோது சுவரின் ஓரத்தில் பின்னறைச் சன்னலின் கம்பி ஒன்று எட்டிப் பார்த்தது, கம்பிக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டி தெரிந்தது, தொட்டிக்குள்ளிருந்து ஓர் ஆமை கழுத்தை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ராமுத்தாய் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நம் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்காகச் சன்னலை நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று புருஷனிடம் போய்ச் சொன்னாள்.

அவள் புருஷன் காசிமாயன் முப்பத்து நான்கு வருடம் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அளவுக்கல் நடும்போது பக்கத்தில் நின்றவர், கல்லைப் பிடுங்கியவனைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தவர், கயிறு பிடித்து அளக்காமல் தன் இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக்கூட நம்பாதவர். அவர் கயிற்றோடு வந்து அளந்தார். சன்னல் நகரவில்லை, வீடே நகர்ந்திருக்கிறது என்று தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சுவரில் ஒரு கீறல் இல்லை. தரையில் ஓர் ஓடு பெயரவில்லை. கழிவுநீர்க் குழாய் பூசணிக்கொடி நீள்கிற மாதிரி நான்கு விரற்கடை நீண்டிருந்தது. வீட்டின் பின்சுவருக்கும் அது முன்பு நின்ற தடத்துக்கும் நடுவே ஈரமான கறுப்பு மண் ஒரு நாடாவைப் போலக் கிடந்தது, அதில் மண்புழுக்கள் நெளிந்தன. வீட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி நகர்த்துகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்து வந்திருக்கிறார் என்று நகரப் பேருந்து ஓட்டும் ஜெய்லானி சொன்னார். எதற்காக நகர்த்த வேண்டும், முன்னால் போனால் அவருக்கு என்ன லாபம், நமக்குத் தெரியாத எது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று விசாலம் டீச்சர் கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது, அன்றிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். சவரிமுத்துவோ, வீட்டுக்குள்ளேயே இருப்பவனுக்கு வீடு நகர்வது எப்படித் தெரியும் என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததாலேயே எங்களுக்கு அது பிடிக்கவில்லை.

சவரிமுத்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது மீன்களையெல்லாம் யார் யாரோ வாங்கிப் போனார்கள், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட மூன்று ஆமைகளை மட்டும் யாரும் வாங்கவில்லை. அவற்றைத் தொட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னறையில் வைத்தார். பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள் என்பதற்கு மேல் அவற்றுக்குப் பெயர் கிடையாது. அவர் மனைவி அமலோற்பவம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து மூன்று ஆமைகளுக்குக் கீரை நறுக்குவார். தைமாதம் சின்னவளின் ஓடு ஓரத்தில் அமுங்க ஆரம்பித்தது. மாசிக் கடைசியில் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இதுகளுக்கு மருந்து வேண்டாம், வெயில் வேண்டும், தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை மண்ணில் நடக்க விடுங்கள் என்றார். ஆமை தோண்டும், அதனால் வேலியை ஒரு முழ ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்க வேண்டும், காக்கையும் பருந்தும் வரும், அதனால் மேலே வலை போட வேண்டும், பாதி இடத்தில் நிழலும் கழுத்தளவுக்கு மேல் போகாத தண்ணீர்த் தட்டும் வேண்டும், கண்மாயில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது என்று அவர் சொன்னதையெல்லாம் சவரிமுத்து ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். வந்த வாரமே கொல்லையில் கட்டில் அளவுக்கு ஒரு வேலி அடைத்து, மூன்றையும் அதற்குள் விட்டார். விட்ட நாளிலிருந்து மூன்றும் சாலைப் பக்கம் பார்த்தே நடந்தன, வேலியில் மூக்கு முட்டி நின்றன, திரும்பிப் போய் மறுபடியும் சாலைப் பக்கமே நடந்தன.

இதையும் ராமுத்தாய்தான் கண்டுபிடித்தாள். அவள் தன் வீட்டுச் சுவரில், சவரிமுத்து வீட்டின் பின்மூலைக்கு நேராகத் தினமும் சாயங்காலம் ஓர் ஆணி அடித்தாள். ஆமைகள் வெளியே விடப்பட்ட நாட்களில் ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே அரை விரற்கடை இடைவெளி விழுந்தது. மழை பெய்து ஆமைகள் தொட்டியிலேயே கிடந்த இரண்டு நாளில் ஓர் ஆணியின் தலைமேல் அடுத்த ஆணியை அடிக்க வேண்டியிருந்தது. இருபத்தாறு ஆணிகளையும் அவள் எங்களுக்கு வரிசையாகக் காட்டினாள். ஆமைகள் நடக்கும் திசையில் வீடும் நடக்கிறது என்று அவள் சொன்னபோது எங்களில் ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் வாயைப் பிளக்கவுமில்லை. மனிதர்களில் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது எங்களுக்கு இரண்டாவது விஷயம்தான். ஆமைகளைப் பழக்கி வைத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டோம். மீன் கடையில் இருபது வருடம் சும்மாவா உட்கார்ந்திருப்பார் என்று பேசிக்கொண்டோம்.

பிறகு சித்திரையில் ஒரு மத்தியானம் நடுவுள்ளவள் வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்துக் கொல்லையைக் கடந்து, திறந்திருந்த அடுப்படிக் கதவு வழியாகக் காசிமாயன் வீட்டுக்குள் போய் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள் ஆமை வந்தால் ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். யார் சொல்லித் தெரியும் என்று கேட்டால் தெரியாது. சவரிமுத்து ஓடி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் போன பின்னும் ராமுத்தாய் மூன்று முறை மஞ்சள் தண்ணீர் விட்டு வீட்டைக் கழுவினாள். மறுநாள் காலையில் காசிமாயனின் வீடு அரை விரற்கடை முன்னால் வந்திருந்தது.

காசிமாயன் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஏழாவது வீட்டு விசாலம் டீச்சர் சொன்னார். மாசக் கணக்காக அடுத்தவன் வீட்டை அளந்துகொண்டிருந்தவர் தன் வீட்டை ஏன் அளக்கவில்லை, இரண்டு பேரும் சேர்ந்துதான் இதைச் செய்கிறார்களா என்று தெருக்குழாயடியில் வைத்துக் கேட்டார். நாங்கள் வாசல்படிகளில் குறுக்கே பலகை அடித்தோம். அடுப்படிக் கதவுகளைச் சாத்தியே வைத்தோம், வெக்கையில் வெந்தோம். பின்பு தெருவின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எல்லோரும் கூடி, ஆமைகள் இனி வெளியே வரக் கூடாது என்று முடிவு செய்து சவரிமுத்துவிடம் சொன்னோம். அமலோற்பவம், ஓடு இப்போதுதான் இறுகி வருகிறது, இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டார். நாங்கள் பொறுக்கவில்லை. அவர்கள் மூன்றையும் தொட்டிக்குள் விட்டு மூடினார்கள். வீடுகள் நின்றன. இருந்தாலும் ராமுத்தாய் ஆணி அடிப்பதை நிறுத்தவில்லை.

ஆடி மாதக் கடைசியில் ஒன்பது வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. விசாலம் டீச்சர் அதைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்று, வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பழைய வரைபடத்தின்படி கண்மாயின் எல்லை எங்கள் மனைகளுக்கு உள்ளே வருகிறது, அதாவது எங்கள் வீடுகளுக்குள் பாதியில் வருகிறது. ஐப்பசியில் வந்து அளப்பார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிற எதுவும் கண்மாயைச் சேர்ந்தது, அது இடிக்கப்படும். கோட்டுக்கு இந்தப்பக்கம், சாலைவரை இருக்கிற முன்வாசல் நிலம் எங்களுடையது, அதில் யாரும் கை வைக்கப் போவதில்லை. நாங்கள் எல்லோரும் தண்ணீர் பக்கம் என்று ஆசைப்பட்டு மனையின் பின்னால் வீட்டைக் கட்டி, முன்னால் பதினைந்தடி நிலத்தை வண்டி நிறுத்தவும் கோலம் போடவும் விட்டிருந்தோம்.

வாசித்து முடித்ததும் எல்லோரும் சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தோம். அவருடைய வீடுதான் ஒரு முழம் முன்னால் நின்றது. உங்களுக்கு இது முன்பே தெரியும், அதனால்தான் வீட்டை நகர்த்தத் தொடங்கினீர்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஜெய்லானி சொன்னார். சவரிமுத்து தலையை மட்டும் ஆட்டினார். அவர் இல்லை என்று ஆட்டுகிறாரா, இப்படியெல்லாம் பேசுகிறார்களே என்று ஆட்டுகிறாரா என்று தெரியவில்லை. அப்போது அதுவரை ஓரமாக நின்றிருந்த காசிமாயன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சவரிக்கு எதுவும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்," என்றார். "கல்லு எங்க இருந்துச்சுன்னு என் கண்ணால பார்த்திருக்கேன். மனை வாங்கும்போதே தெரியும். எல்லாரும் வாங்குறாங்க, எல்லாரையுமா இடிச்சிரப் போறாங்கன்னு நினைச்சேன்."

ராமுத்தாய்க்கும் அப்போதுதான் தெரியும். அவள் அவரைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அதற்கப்புறம் நாற்பது நாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பலகையைப் பிடுங்கியது ஜெய்லானி. மத்தியானத்துக்குள் ஒன்பது வாசலிலும் பலகை இல்லை. சாயங்காலம் நாங்கள் சேர்ந்து சவரிமுத்து வீட்டுக்குப் போனோம். ஆமைகளை எங்கள் வீடுகளுக்குள்ளும் ஒருமுறை நடக்கவிட வேண்டும், பிறகு எங்கள் கொல்லைகளிலும் நடக்கவிட வேண்டும் என்று கேட்டோம். சவரிமுத்து எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து சின்னவளை எடுத்து ஜெய்லானியின் கையில் கொடுத்து, ஓட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது ஊறின அப்பளம் மாதிரி இருந்தது. வீட்டுக்காக விட மாட்டேன், இதுக்காக விடுகிறேன் என்றார். அப்புறம் அந்தக் காலண்டர் தாளை எடுத்துவந்து வாசித்தார். கொல்லைகளுக்கு நடுவே இருக்கிற சுவர்களை இடிக்க வேண்டும், ஒன்பது கொல்லையையும் சுற்றி ஒரே வேலியாக ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி அடைக்க வேண்டும், நாய்களைக் கட்ட வேண்டும், கழிவுநீர்க் குழிகளை மூட வேண்டும், எறும்புப் பொடி, ப்ளீச்சிங் பவுடர், எலி மருந்து எதுவும் ஒரு சிட்டிகைகூடத் தரையில் விழக் கூடாது, ஒவ்வொரு கொல்லையிலும் ஓலை நிழலும் தண்ணீர்த் தட்டும் இருக்க வேண்டும், சாயங்காலம் மூன்றும் வந்துவிட்டதா என்று பார்க்காமல் யாரும் விளக்கேற்றக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கொடுக்கிற தீனியைத் தவிர ஒரு பழத்துண்டைக்கூட யாரும் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் உடனே சரி என்றோம். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதற்காகவாவது அவர் எங்களைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆவணி முதல் தேதி மூன்று ஆமைகளும் ஒன்பது வீட்டுக் கூடத்தையும் குறுக்கே நடந்து கடந்தன. சாம்பிராணி போட்டு வரவேற்றவர்கள் உண்டு. மூன்றாம் நாளிலிருந்து வீடுகள் நடக்கத் தொடங்கின. நீளமான வெளி கிடைத்ததும் ஆமைகள் நடந்த நடையே வேறு. கழுத்தை நீட்டி, காலை ஊன்றி, சாலைப் பக்கமாக வேலிவரை வந்து, வேலியோரமாகவே அடுத்த கொல்லைக்கும் அதற்கடுத்த கொல்லைக்கும் போயின. எந்தக் கொல்லையில் எவ்வளவு நடந்தனவோ அந்த வீடு அவ்வளவு நகர்ந்தது, சராசரியாக நாளுக்கு மூன்று விரற்கடை. காலையில் போட்ட கோலத்தின் முதல் வரிசைப் புள்ளிகள் மறுநாள் வாசல்படிக்கு அடியில் போயிருந்தன. பால்காரர் கண்ணை மூடிக்கொண்டு தூக்குச்சட்டியை வைத்த இடத்தில் கதவு வந்து நின்றது. மின்சார வயர் தொய்ந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தோம், லைன்மேன் வந்து இழுத்துக் கட்டிவிட்டுப் போனார், பத்து நாளில் மறுபடியும் எழுதிக்கொடுத்தோம், மறுபடியும் வந்து கட்டினார். அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் மராமத்து வேலை நடக்கிறது என்று சொன்னோம். வீடு முன்னால் நகர நகரப் பின்னால் கறுப்பு மண் அகலமாகிக்கொண்டே வந்தது, அதில் யாரும் விதைக்காத கோரை முளைத்தது, கோரைக்குள் தவளைகள் வந்தன.

ஒன்பது கொல்லையிலும் ஒன்பது நாற்காலிகள் போடப்பட்டன. ஆமைகளைக் காவல் காப்பதற்கு என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் ஒரு நாற்காலிகூட ஆமையைப் பார்த்துப் போடப்பட்டிருக்கவில்லை, ஒவ்வொன்றும் அடுத்த கொல்லையைப் பார்த்துத்தான் போடப்பட்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் கையில் என்ன வைத்திருக்கிறார், எதற்காகக் குனிகிறார், குனிந்தவர் நிமிரும்போது கை காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். இவ்வளவு கண்களுக்கு நடுவே ஒரு காக்கை இறங்க முடியவில்லை. கீரி ஒன்று வேலியோரம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. உலகத்தில் எந்த ஆமையும் இவ்வளவு பத்திரமாக வெயில் காய்ந்திருக்காது. சின்னவளின் ஓடு புரட்டாசிக்குள் கல் மாதிரி இறுகிவிட்டது.

ஆனாலும் தீனி போட்டோம். எங்களில் எல்லோரும் போட்டோம். நாற்காலியில் இருக்கிற ஆள் சாப்பிடப் போகிற நேரம் எது என்று எல்லோருக்கும் எல்லோரையும் பற்றித் தெரிந்திருந்தது. விசாலம் டீச்சர் பூப்பறிக்கிற சாக்கில் செம்பருத்தியை உதிர்த்துவிட்டார். ஜெய்லானி வீட்டில் தண்ணீர்த் தட்டின் அடியில் கூனி இறால் கிடந்தது. மற்றவர்கள் பப்பாளித் துண்டுகளைக் கோரைக்குள் செருகிவைத்தார்கள். ஆமை தீனி இருக்கிற கொல்லையில் நின்றது, அங்கேயே சுற்றியது, அந்த வீடு அன்று நான்கு விரற்கடை போயிற்று. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே, மற்றவர்கள் போடுகிறார்கள் என்றும் சந்தேகப்பட்டோம். இரண்டையும் ஒரே மனசில் வைத்திருப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஒன்பதாவது கொல்லையில் மட்டும் ஒன்றும் கிடக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு முழம் முன்னால் நின்ற சவரிமுத்துவின் வீடு ஆவணிக் கடைசியில் எங்கள் வீடுகளோடு ஒரே வரிசையில் நின்றது, புரட்டாசியில் பின்னால் தங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காசிமாயன் கயிற்றோடு வந்து ஒன்று முதல் ஒன்பது வரை அளந்து சத்தமாகச் சொல்வது வழக்கம். புரட்டாசி இரண்டாவது ஞாயிறு அவர் எட்டோடு நிறுத்திக்கொண்டு கயிற்றைச் சுற்றினார். ஒன்பது என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருந்தபோது சவரிமுத்து காய்ச்சலில் படுத்தார். ஆமைகளைக் காலையில் திறந்துவிடுகிற வேலையை அமலோற்பவம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். அந்தப் பத்து நாளும் எங்கள் வீடுகள் நன்றாக நடந்தன.

அளக்க வந்தவர் சின்ன வயது, மரியாதையான மனுஷர். பழைய வரைபடத்தை விரித்து, ஊருக்குள்ளிருந்த ஒரு கல்லிலிருந்து ஆரம்பித்து, நாடாவைப் பிடித்துக்கொண்டே வந்து, எங்கள் கொல்லைகளுக்குள் சுண்ணாம்பால் கோடு போட்டார். முதல் எட்டு வீடுகளும் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றன. வீடுகளுக்குப் பின்னால் ஏன் இவ்வளவு அகலத்துக்குக் கறுப்பு மண்ணும் கோரையும் இருக்கின்றன என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டியிருக்கும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒன்பதாவது வீட்டில் கோடு பின்னறைச் சுவருக்குள் போய் வெளியே வந்தது. ஒரு சாண் குறைந்திருந்தது. அவர் இரண்டுமுறை அளந்தார். சவரிமுத்து போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்று, பரவாயில்லை சார், எழுதிக்கோங்க என்றார். இடிக்கிற இயந்திரம் வர இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு அளக்க வந்தவர் போனார்.

நாங்கள் மூன்று ஆமைகளையும் கையில் தூக்கிக்கொண்டு ஓடி ஒன்பதாவது கொல்லையில் விட்டோம். சின்னவளும் நடுவுள்ளவளும் நான்கடி நடந்து நிழலுக்குள் போய் அசையாமல் படுத்துக்கொண்டன. பெரியவள் நடக்கவே இல்லை. கழுத்தும் காலும் ஓட்டுக்குள் போயிருந்தன, கண்கள் வீங்கி மூடியிருந்தன, பின்னால் நாறியது. டாக்டரம்மா வந்து மண்டியிட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு பழம் யார் போட்டது?" என்று கேட்டார்.

நாங்கள் பதினேழு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தோம். டாக்டரம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டு, மருந்தை எப்படிக் கொடுப்பது என்று அமலோற்பவத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு நாளில் அந்த வீடு அரை விரற்கடைகூட நகரவில்லை.

இயந்திரம் காலை பத்து மணிக்கு வந்தது. அமலோற்பவமும் காசிமாயனும் கண்ணாடித் தொட்டியைக் கூடத்துக்கு நகர்த்தினார்கள். பின்னறையை இடிக்க ஓர் உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பின்சுவர் முழுக்கப் போயிற்று. இரண்டு பக்கச் சுவர்களிலும் பாதி போயிற்று. அந்தப் பக்கத்து வேலியையும் அது மிதித்துக்கொண்டு போயிற்று. தூசி அடங்கியதும் அந்த அறையிலிருந்து கண்மாய் முழுவதும் தெரிந்தது. நாங்கள் அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். எங்கள் வீடுகளில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை.

நான்கு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. போனால், மற்றவர்கள் ஏற்கெனவே போய் நம்மைப் பற்றிச் சொல்லியிருப்பார்களோ என்று பயம். வேலி போன பிறகு சின்னவளும் நடுவுள்ளவளும் தொட்டியிலேயே கிடந்தன. பெரியவளுக்குக் காலை வெயில் வேண்டும் என்பதால், சவரிமுத்து அதை அந்தத் திறந்த அறையின் தரையில் விட்டுவிட்டு, தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து காவலிருந்தார். அவிழ்த்துவிட்ட நாய்கள் கண்மாய்க்கரையில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஐந்தாம் நாள் காலையில் ராமுத்தாய் கையில் ஒரு கம்போடு அந்த அறைக்குப் போனாள். அமலோற்பவம் பெரியவளின் வாயைத் திறந்து மருந்து விட்டுக்கொண்டிருந்தார், சவரிமுத்து சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். ராமுத்தாய் உடைந்த சுவரின் விளிம்பில் உட்கார்ந்து, வெகுநேரம் கம்பால் தரையைக் கீறிக்கொண்டே இருந்தாள்.

"நானும் போட்டேன்த்தா," என்றாள். "தினம் ரெண்டு துண்டு பப்பாளி."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

அமலோற்பவம் மருந்துக் குழலைத் துடைத்து வைத்தார். அப்புறம், யார் மேலும் கோபம் இல்லாத குரலில், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். ஆமைகளைத் திறந்துவிடுவதற்கு முன்னால் தினமும் விடிந்தும் விடியாமலும் சவரிமுத்து ஒரு வாளியை எடுத்துக்கொண்டு எட்டுக் கொல்லைக்கும் போவார், கோரையை விலக்கி, தட்டுகளைத் தூக்கிப் பார்த்து, கிடக்கிறதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து கொட்டுவார். மிச்சம் மீதி அவர் கண்ணுக்குத் தப்பியதைத்தான் ஆமைகள் தின்றன. ஆவணியிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்த பத்து நாள்தான் அவரால் போக முடியவில்லை. போய்ப் பொறுக்கிவிட்டு வா என்று அமலோற்பவத்திடம் ஒருநாள் சொன்னார், அவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது.

"எங்ககிட்டக் கேட்டிருக்கலாமே," என்றாள் ராமுத்தாய்.

"கேட்டா ஒருத்தரை ஒருத்தர் கையைக் காட்டுவாங்க, இருக்கிற பேச்சுவார்த்தையும் போயிடும்னார்."

அமலோற்பவம் வேலைக்குக் கிளம்பிப் போனார். வெயில் ஏறியது. கரையிலிருந்து ஒரு செவலை நாய் முகர்ந்துகொண்டே மேலே வந்தது, ராமுத்தாய் கம்பைத் தரையில் தட்டியதும் நின்று யோசித்துவிட்டு இறங்கிப் போயிற்று. அந்தச் சத்தத்தில் கண் விழித்த சவரிமுத்து, நீங்க போங்க மதினி, உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான்தான் இருக்கிறேனே என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் எங்கள் எட்டு வீட்டுக் கொல்லைகளும் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரிந்தன, ஒவ்வொரு சன்னலுக்குப் பின்னாலும் நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இந்தத் தெருவுல எனக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்லை தம்பி," என்றாள் ராமுத்தாய். "என் மேலயும் இல்லை. அதனாலதான் உட்கார்ந்திருக்கேன்."

சவரிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய், ஒரு நாற்காலியைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு வந்து, ஆமையைப் பார்த்தமாதிரி போட்டார்.